தவக்காலத்தில் எங்கள் மாதர் சபைக்கு வந்தவள்

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போர் முடியப்போகிற மாதங்களில், முதலியார்பேட்டையில் எங்கள் கோயில் மாதர் சபைக்கு நான் செயலாளராக இருந்தேன். புதன்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் பதினைந்து பேர் கூடுவோம். ஜெபமாலை சொல்வோம். பிறகு இரண்டு தையல் மெஷின்களையும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பீடத்துத் துணி, பூசை உடுப்பு என்று ஏதாவது தைப்போம். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாருக்குப் போய் ஜெபம் சொல்ல வேண்டும் என்பதை நான் நோட்டில் எழுதி வைப்பேன். அவ்வளவுதான் செயலாளர் வேலை.

எங்கள் தலைவியை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் பிரான்சில். மதாம் குட்டையான உருவம், கணீரென்ற குரல். எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

நான் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டி.டி.பி. கடையில் டைப் செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோர்ட்டு மனு. அந்தக் கடைக்குத்தான் தோழர் வருவார். ஒரு டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். நாற்பது வயதிருக்கும். முதல் தடவை அவர் கொடுத்த கையெழுத்துத் தாளைப் படித்தபோதே, தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவான நோட்டீஸ் என்று தெரிந்துவிட்டது. மாட்டினால் ஜெயில் என்றும் தெரிந்தது. கடை முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தேன். கொடுத்ததும் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை வந்தார்.

ஏன் செய்தேன் என்று இப்போது யோசித்தால், இரக்கம் என்று மட்டும் சொன்னால் பொய். டி.வி.யில் பதுங்குகுழிக்குள் கிடந்த குழந்தைகளைப் பார்த்து அழுதேன், அது நிஜம். ஆனால் எனக்கென்று ஒரு ரகசியம் இருந்ததும் பிடித்திருந்தது. மில் ஷிஃப்டுக்குப் போய்வரும் கணவருக்குத் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், நான் ஒரு பெரிய காரியத்தில் இருக்கிறேன் என்ற நினைப்பு.

சபையிலும் அகதி முகாமுக்கென்று மருந்து, பஞ்சு, கட்டுத்துணி சேர்த்தோம். பெண்கள் தங்கள் வீட்டு வெள்ளை வேட்டிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கிழித்துச் சுருட்டிக் கொண்டுவருவார்கள். முகாமில் சேர்ப்பது என் பொறுப்பு. நான் பாதியைத்தான் முகாமுக்குக் கொண்டுபோனேன். மறுபாதியைத் தோழரிடம் கொடுத்தேன். அது எங்கே போனது, எந்தப் படகில் ஏறியது என்று கேட்டதில்லை. சபையில் யாருக்கும் இது தெரியாது.

தவக்காலத்தின் இரண்டாம் புதன்கிழமை, மதாம் ஓர் இளம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது எனக்குச் சொந்தக்காரப் பொண்ணு. திருச்சியிலேர்ந்து வந்திருக்குது. கை நரம்புக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரில பாக்கணும். கொஞ்ச நாள் நம்மகூட இருக்கும்" என்றார்.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது. ஒடிசலான கறுத்த முகம். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. நடக்கும்போது இடது காலை லேசாக இழுத்தாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பாடுகளின் வாரத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூடுவதற்கு ஊதாத் துணி தைத்துக்கொண்டிருந்தோம். அவளும் ஒரு மூலையில் உட்கார்ந்து, முழங்காலால் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் ஓரம் மடித்துத் தைத்தாள்.

அடுத்த புதன்கிழமை எங்கள் சபைப் பெண் ஒருத்திக்கு மெஷின் ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது. மில்காரர் மனைவி, வாயாடி, எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அவள் போட்ட அலறலில் எல்லோரும் எழுந்து நின்று கையைப் பிசைந்தோமே தவிர, ஒருவரும் கிட்டே போகவில்லை. புதிதாக வந்தவள்தான் எழுந்துபோனாள். மெஷின் சக்கரத்தை ஒரு கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினாள். முனை உடைந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். என் மேஜையில் இருந்த கட்டுத்துணியை எடுத்து, பல்லால் கிழித்து, மூன்று சுற்றில் கட்டி முடித்தாள்.

"கையை உயர்த்திப் பிடியுங்கோ அக்கா. ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருச்சிப் பெண் இப்படிப் பேச மாட்டாள். இத்தனை மாதமாக நான் நோட்டீசில் டைப் செய்துகொண்டிருந்த போர்க்களத்திலிருந்தே ஒருத்தி எங்கள் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் தோழர் கடைக்கு வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எங்க சபையிலயே ஒருத்தங்க இருக்காங்க தோழர். அங்கேர்ந்து வந்தவங்க. மருந்து கட்டுறதப் பாத்தேன், சாதாரண ஆளு இல்ல" என்றேன்.

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மலர்ச்சி வரவில்லை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கை எப்படி இருக்குது? இடது கை?"

"ரெண்டு விரலு மடங்கியிருக்கும். உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க தங்கியிருக்கா?"

"எங்க மதாம் வீட்டுல." சொன்ன பிறகுதான் அவர் 'அவங்க' என்று சொல்லவில்லை என்பது என் மண்டையில் உறைத்தது.

தோழர் கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அவ துரோகி. சண்டை நடக்கறப்ப ஆளக் கூட்டிகிட்டு ஓடியாந்தவ. அவளால நாலு பேரு மாட்டிகிட்டாங்கன்னு சொல்றாங்க. மூணு மாசமா தேடிகிட்டிருக்காங்க. நாளைக்கு வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வருவாரு. அவருக்கு அவ முகம் தெரியும்."

"என்னா பண்ணுவீங்க?"

"கேக்க வேண்டியதக் கேப்பாங்க. நீ உன் வேலயப் பாரு."

கடை முதலாளி திரும்பி வந்ததும், தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிளை மிதிக்க முடியவில்லை. பாதி தூரம் தள்ளிக்கொண்டே மதாம் வீட்டுக்குப் போனேன்.

மதாம் காபி கலந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மதாமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டீஸ், மருந்து, தோழர், நான் உளறியது எல்லாம். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு டெலிபோன் பக்கம் போனார். அவருடைய தங்கை திருச்சியில் கன்னியாஸ்திரி. அந்தத் தங்கைதான் இவளை மதாமிடம் அனுப்பி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதாம் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். "உன்னத் தேடி ஆளுங்க வராங்களாம். இவதான் வந்து சொன்னா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இப்போது வாயைத் திறக்காதே என்ற பார்வை.

அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் வந்து சொல்லாட்டி நான் மாட்டியிருப்பன் அக்கா."



அவளாகவே சொன்னாள். எட்டு வருஷம் இயக்கத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தாளாம். ஷெல் விழுந்ததில் கையும் காலும் அப்படி ஆனதாம். "அப்பவும் நான் விட்டிட்டு வரேல்லை. பிறகு என்ர தங்கச்சியையும் சண்டைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். அவளுக்குப் பதினஞ்சு வயசு. அவளை அங்கேயிருந்து களவாக் கூட்டிக்கொண்டு படகேறினன். போராட்டம் பிழையெண்டு இண்டைக்கும் சொல்ல மாட்டன் அக்கா. நான் ஆரையும் காட்டிக் குடுக்கவும் இல்லை. அவளை மட்டும் குடுக்க ஏலாமப் போச்சுது."

தங்கை திருச்சிப் பக்கத்து முகாமில் ஒரு சித்தியோடு இருந்தாள். இவளால் அங்கே இருக்க முடியவில்லை. இயக்கத்து ஆட்கள் தேடினார்கள். போலீசிடம் போய் அகதியாகப் பதிந்தால், இயக்கத்தில் இருந்தவள் என்று தனியாக அடைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒரு வக்கீல் மூலமாக ஏற்பாடு செய்யும்வரை ஒளிந்திருக்கத்தான் புதுச்சேரிக்கு வந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. அது முடிந்ததும் கடலூரில் ஒரு மடத்தில் பெண்களுக்குத் தவக்காலத் தியானம். வேன் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. மதாமின் தங்கை கடலூருக்கு வந்து இவளை அழைத்துப் போவதாக முடிவானது. அதுவரை இவளைக் கூட்டத்தை விட்டுப் பிரிய விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை நான் மதாம் வீட்டுக்குப் போனபோது, தெருமுனை டீக்கடையில் தோழர் நின்றிருந்தார். அவரோடு ஒல்லியான ஓர் ஆள். நான் பார்க்காத மாதிரி கடந்துபோனேன். மதாம் அவளுக்கு எங்கள் சபையின் இளநீலப் புடவையைக் கட்டி, முந்தானையால் நெற்றிவரை முக்காடு போட்டுவிட்டார். அதற்குள் அக்கம்பக்கத்துச் சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களை வரச் சொன்னதும் மதாம்தான். ஏன் என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரே புடவை, ஒரே முக்காடு. அவளை நடுவில் விட்டு, மதாம் சத்தமாக ஜெபமாலையைத் தொடங்கினார். தெரு வழியாக ஜெபம் சொல்லிக்கொண்டே கோயிலுக்கு நடந்தோம். கால் இழுப்பது தெரியாமலிருக்க மதாம் ஆமை மாதிரி நடந்தார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அப்படியே நடந்தார்கள்.  டீக்கடையைத் தாண்டியபோது ஜெபமாலையில் எந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கோயில் தலைவாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்கள்.

சிலுவைப்பாதைக்குச் சுவரோரமாகப் பதினான்கு ஸ்தலம், இயேசு பாடுபட்ட பதினான்கு படம். ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டு எழுந்திருக்க வேண்டும். அவளால் காலை மடக்கி எழ முடியவில்லை. ஒரு பக்கம் நான் தாங்கினேன். மறு பக்கம் யாரோ ஒரு கை அவளைத் தூக்கிவிட்டது. பார்த்தால், விரலில் கட்டுப் போட்டிருந்த அந்த வாயாடி. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். ஒல்லி ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்தலங்கள் இந்தப் பக்கச் சுவரில் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. எட்டாவதுக்கு மேல் நாங்கள் வாசலை நோக்கித்தான் வர வேண்டும்.

பத்தாவது ஸ்தலத்தில் தோழர் எனக்குச் சைகை காட்டினார். போகாவிட்டால் அவரே உள்ளே வந்துவிடுவார். அவளுடைய கையை விட்டுவிட்டு நான் வாசலுக்குப் போனேன்.

"எங்க அவ?"

"போயிட்டாங்க தோழர். நேத்து சாயங்காலமே பஸ் ஏறிட்டாங்க."

"நீ சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? மதாம்தான் அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரில அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்களாம்."

அவர் என் கண்ணையே பார்த்தார். "நீ அடிச்ச நோட்டீஸ்ல உன் கையாலயே திருத்துன தாளெல்லாம் எங்கிட்ட இருக்குது. மறந்துடாத."

அதுவரை எனக்கு அவர்மேல் பயம் இருந்தது. அதைக் கேட்டதும் பயத்தோடு கோபமும் வந்தது. "இருக்கட்டும். நான் அடிச்சது நெஜந்தான? போயி குடுங்க" என்றேன்.  அவருடைய கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். "அங்க ஜனம் கும்பல் கும்பலா சாவுது. இவ இங்க கோயில்ல துணி தெச்சிகிட்டு உக்காந்திருக்கா. எனக்கு வயிறு எரியுதும்மா" என்றார். அதுவும் நிஜமான வார்த்தைதான்.

நான் அவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒல்லி ஆளின் கவனமும் என்மேல் திரும்பியிருந்தது. மதாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதினோராவது ஸ்தலத்துக்குப் பக்கத்தில்தான் பூசை உடுப்பு அறைக்குப் போகும் கதவு. நான் திரும்பி வந்தபோது அவளும் இல்லை, வாயாடியும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மதாமின் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

வேனை டிரைவர் பின்பக்கக் கதவுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நாங்கள் ஏறியபோது அவள் நடு சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டைத் தாண்டும்போது தோழர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் வேனைப் பார்த்தார். தெரிந்துதான் பேசாமல் விட்டாரா, தெரியவே இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தப்பித்தோம் என்று நினைத்தேன். தவளக்குப்பத்தில் போலீஸ் கை காட்டியது. தேர்தல் நேரம். கூட்டு ரோட்டில் தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஏட்டு உள்ளே ஏறினார். பெரிய மீசை. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். மதாம் சொன்னார். ஏட்டு நடு சீட்டுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தால் முதல் வார்த்தையே காட்டிக்கொடுத்துவிடும்.  மதாமின் விரல்கள் ஜெபமாலையில் ஒரே மணியில் நின்றுவிட்டன. நான் எதையாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். 

"அத இன்னாத்துக்கு சார் கேக்குற?" என்று கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டு எழுந்தாள் வாயாடி. "என் மருமவ. முழுகாம இருக்குது. ஏறுனதுலேர்ந்து ஓங்கரிச்சிகிட்டே வருது. இப்பதான் வாய மூடிகினு உக்காந்திருக்குது. பேச வெச்ச, உன் சட்ட மேலயே எடுத்துடும், சொல்லிட்டேன்."

ஏட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்தப் பெண் புரிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"இந்த நெலமையில எதுக்கும்மா தூரமா கூட்டிகினு போற?"

"நேர்த்தி சார். நீதான் வந்து செலுத்துவியா?"

ஏட்டு சிரித்துவிட்டு இறங்கிப்போனார். வேன் கடலூர் எல்லையைத் தாண்டியது. பிறகு வாயாடி என் பக்கம் திரும்பினாள். "இன்னா பாக்குற? என் வெரலுக்குக் கட்டுப் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும், இது எந்த ஊர்ப் பொண்ணுன்னு. ஊரெல்லாம் போயி சொல்லிகினு இருக்கணுமா?"

என்னைக் குத்த அவள் சொல்லவில்லை. அவளுக்கு நான் செய்தது தெரியாது. ஆனாலும் என்னால் ஜன்னல் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்ப முடியவில்லை.

கடலூர் மடத்தில் மதாமின் தங்கை காத்திருந்தார். விடைபெறும்போது அந்தப் பெண் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டாள். என்னைக் கொஞ்சம் அதிகநேரம் கட்டிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை, ஜெபம் முடிந்ததும் மதாம் என்னைப் பார்த்து, "எழுந்து சொல்லு" என்றார். பதினான்கு பேருக்கு முன்னால் நின்று சொன்னேன். மருந்தில் பாதியைத் தோழருக்குக் கொடுத்ததைச் சொன்னபோதுதான் ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி, "எம் மாமனாரு வேட்டியக் கிழிச்சிக் குடுத்தேனே, அது எங்க போச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதைவிடக் கேவலமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. மதாம் என் நோட்டை வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தார். "நீ இனிமே செயலாளர் இல்ல. ஆனா புதன்கிழம வந்துடணும். வராம இருந்தா வீட்டுக்கே வந்து இழுத்துகிட்டு வருவேன்." வந்தேன். ஒரு வருஷம்போல யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மே மாதம் போர் முடிந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். நாலைந்து நாள் கழித்துத் தோழர் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கையில் எந்தத் தாளும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு உசுரோட இருக்காங்களா?"

 பொய் சொல்லவும் பிடிக்கவில்லை, அவரை நம்பவும் தைரியம் இல்லை.

"இருந்தா சரி" என்று எழுந்துபோனார். பிறகு அவர் கடைக்கு வரவில்லை. டுட்டோரியலையும் மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, மதாம் இறந்த செய்தி கேட்டு அவள் எனக்கு போன் செய்தாள். வக்கீல் மூலமாகப் பதிந்து, முகாமில் தங்கையோடு இருந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாளாம். தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என் உடம்பைப் பற்றிக் கேட்டாள், முழங்கால் வலி என்றேன். மதாமை நினைத்து இருவரும் அழுதோம்.

"அண்டைக்கு நீங்கள் வந்து சொல்லாட்டி நான் இல்லை அக்கா. தங்கச்சிக்கும் அதைத்தான் சொல்லுறனான்" என்றாள்.

இத்தனை வருஷமாக மதாம் அவளிடம் சொல்லவில்லை. நானும் அப்படியே விட்டிருக்கலாம். "உன்னத் தேடுனவங்ககிட்ட நான்தான் சொன்னேன். நீ இருக்கறத நான்தான் பெருமையா போயி சொன்னேன்" என்றேன்.

 போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு வயதானவர் தண்ணீர் கேட்பது மட்டும் கேட்டது.

"பிறகு எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் அழைப்பு வரவில்லை. நானும் போன் போடவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை என்று இருந்தேன். கிறிஸ்துமசுக்கு முந்தின அட்வெந்து காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது. நான் சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தங்கை மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றாள். அங்கே மழை என்றாள். "உங்களுக்கு முழங்கால் நோ எண்டு சொன்னனீங்கள், இப்ப எப்படி?" என்று கேட்டாள். நான் கோயில் படியிலேயே உட்கார்ந்து, முழங்கால் வலியைப் பற்றி அவளிடம் விரிவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.